மே மாதக் கொடைக்கானல் கூடாரமும் ஒரு ஐஸ் பெட்டியும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் மதுரையில் இருந்து காரில் கிளம்பி, கொடைக்கானல் தாண்டி கூக்கால் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் மூன்று இரவு டென்ட் போட்டுத் தங்கப் போகிறீர்கள். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். பால், தயிர், கோழி, குளிர்பானம் எல்லாம் கொண்டுபோக வேண்டும். அம்மாவின் இன்சுலினும் கூட வருகிறது. கையில் இருப்பது 40 லிட்டர் பிக்னிக் ஐஸ் பெட்டி ஒன்று. போன முறை ஏலகிரிக்குப் போனபோது 5 கிலோ ஐஸ் க்யூப் வாங்கிப் போட்டும் அன்று இரவே எல்லாம் தண்ணீராகிவிட்டது, பெட்டியே சரியில்லையோ, விலை கூடிய பெட்டி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டி வாங்க வேண்டாம். பழுது பெட்டியில் இல்லை. கடையில் இருந்து அப்படியே எடுத்து 12 லிட்டர் ஜூஸும் சோடாவும் அடுக்கினோம் என்று எழுதியிருக்கிறீர்களே, ஐஸ் போன இடம் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ ஐஸ் முழுசாகக் கரைய 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குறைக்க ஒரு கிலோகலோரியை அதிலிருந்து எடுக்க வேண்டும். கடை அலமாரியில் 32 டிகிரியில் இருந்த 12 லிட்டர் பானத்தை 4 டிகிரிக்குக் கொண்டுவர 12 பெருக்கல் 28, அதாவது 336 கிலோகலோரி. 80ஆல் வகுத்தால் 4.2 கிலோ ஐஸ். நீங்கள் போட்ட 5 கிலோவில் 4 கிலோவுக்கு மேல் பாட்டில்களைக் குளிர வைப்பதிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சம் ஒரு கிலோ கூட இல்லை, அது எத்தனை மணி நேரம் தாங்கும்?

அதனால் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: பெட்டிக்குள் போகிற எந்தப் பொருளும் முன்னாலேயே குளிர்ந்து, முடிந்தால் உறைந்து, உள்ளே போக வேண்டும். சூடான பொருளைக் குளிர வைக்கிற வேலையை வீட்டு ஃபிரிட்ஜ் கரண்ட்டில் செய்யட்டும். ஐஸுக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வெளியில் இருந்து கசிந்து வருகிற சூட்டைத் தடுப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பெட்டியையும் சேர்த்தே சொல்கிறேன். பரணில் கிடந்த பெட்டியின் சுவரே 35 டிகிரியில் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின இரவு ஒன்றிரண்டு கிலோ ஐஸைப் பையில் கட்டி உள்ளே வைத்து மூடிவிடுங்கள். காலையில் அந்த ஐஸைக் கொட்டிவிட்டுப் புதிதாக அடுக்குங்கள்.

இப்போது எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று பார்ப்போம். இரண்டரை சென்டிமீட்டர் நுரை வைத்த சுவருள்ள 40 லிட்டர் பெட்டிக்கு, வெளியே 37 டிகிரி இருந்தால், சுவர் வழியாகக் கசிகிற சூட்டுக்கே ஒரு நாளைக்கு சுமார் 10 கிலோ ஐஸ் கரையும். கொடைக்கானல் பக்கம் மே மாதத்தில் பகலில் 20, இரவில் 12 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அதே பெட்டிக்கு நாளைக்கு 4, 5 கிலோ போதும். ஆக மலைக்கு மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் உங்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. மதுரையில் இருந்து வத்தலக்குண்டு வழியாக மலை அடிவாரம் வரைக்கும் டிக்கியில் வேகிற நேரமும், மே மாதக் கூட்டத்தில் வெள்ளி அருவிக்கு முன்னால் வரிசையில் நிற்கிற நேரமும்தான் ஐஸைத் தின்கின்றன. வெயிலில் நிற்கிற மூடிய காரின் உள்ளே 60 டிகிரி வரைக்கும் ஏறும். பெட்டியை டிக்கியில் வைக்காதீர்கள். ஏசி ஓடுகிற இடத்தில், பின் சீட்டுக்குக் கீழேயோ நடுவிலோ வையுங்கள். மேலே ஒரு கம்பளியோ பழைய போர்வையோ போட்டு மூடுங்கள். போர்வை சூட்டை உண்டாக்காது. ஆளுக்குள் இருக்கிற சூட்டை எப்படி வெளியே விடாதோ, அப்படியே வெளிச் சூட்டையும் பெட்டிக்குள் விடாது. விடிவதற்கு முன் நாலரை, ஐந்து மணிக்கே கிளம்பினால் இன்னும் நல்லது.

மூடியைத் தட்டிப் பாருங்கள். விலை குறைந்த பிக்னிக் பெட்டிகள் பலவற்றில் சுவரில் நுரை இருக்கும், மூடி வெறும் கூடாக இருக்கும். தட்டினால் டொக் டொக்கென்று காலிச் சத்தம் வரும். அப்படி இருந்தால் ஸ்டேஷனரிக் கடையில் ஒரு அங்குலக் கனமுள்ள தெர்மாகோல் ஷீட் வாங்கி, பெட்டியின் உள் வாய்க்கு அளவாக வெட்டி, பொருள்களுக்கு மேலே படிய வைத்து அதற்கு மேல் மூடியைப் போடுங்கள். ஐம்பது, நூறு ரூபாய்ச் செலவில் பெட்டி வேறு பெட்டியாகிவிடும்.

ஐஸை எந்த வடிவத்தில் எடுத்துப் போகிறோம் என்பதும் முக்கியம். க்யூப் சீக்கிரம் கரையும், கட்டி மெதுவாகக் கரையும். ஒரே எடைக்கு க்யூபில் வெளிப்பரப்பு பல மடங்கு அதிகம். பானத்தைச் சட்டென்று குளிர வைக்க க்யூப் நல்லது. மூன்று நாள் தாங்க வேண்டும் என்றால் கட்டிதான். எல்லோரும் சொல்கிற யோசனை, தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து எடுத்துப் போங்கள் என்பது. மற்ற ஊருக்கு அது அருமையான யோசனை. ஆனால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 5 லிட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் உங்கள் ஐஸையே இறக்கி வைக்கச் சொல்லிவிடுவார்கள். தடை நியாயமானதும்கூட. அந்தக் காட்டெருமைகள் மேய்கிற சரிவுகளில் கிடக்கிற பாட்டில்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நீங்கள் சமையலறையில் மாவு, பருப்பு போட்டு வைக்கிற இரண்டு லிட்டர் சதுர டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரை முக்கால் அளவுக்குக் கொஞ்சம் மேலே ஊற்றுங்கள், உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். சதுரமாக இருப்பதால் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம். கரைந்த பிறகு அதுவே குடிக்கிற தண்ணீர். வீட்டு ஃப்ரீசரில் ஆறேழு லிட்டர் கட்டியாக உறைய ஒரு ராத்திரி போதாது, இரண்டு நாள் முன்னாலேயே தொடங்குங்கள்.

இன்னும் ஐந்தாறு கிலோ வேண்டியிருக்கும். மதுரையில் மீன் மார்க்கெட் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பார் கிடைக்கும். தேவையான அளவு வெட்டித் தருவார்கள். அங்கே போகும்போது மீன் வியாபாரிகள் பெட்டி கட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஐஸைச் சாக்குக்குள் போட்டு மரக்கட்டையால் அடித்து நொறுக்குவார்கள். தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஒரு வரிசை ஐஸ், அதன் மேல் மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன், மேலே கனமாக ஐஸ். பிறகு மூடியின் விளிம்பு முழுக்கப் பழுப்பு டேப்பை இரண்டு சுற்று இழுத்து ஒட்டுவார்கள். மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் என்பது நம் சூட்டுக்கு உகந்த அளவு. காற்று போய்வர ஒரு நூல் இடம் விடமாட்டார்கள். இதில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது மூடியின் டேப், மேலே வைக்கிற ஐஸ் இரண்டும்தான். குளிர்ந்த காற்று கீழே இறங்கும், அதனால் மேலே ஐஸ் இல்லாத பெட்டியில் மேல்தட்டுப் பொருள் முதலில் கெடும்.

ஒரு எச்சரிக்கை. மீன் மார்க்கெட் ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. உண்ணத் தகாத ஐஸில் நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்று 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆனாலும் வெள்ளையாக இருக்கிறதே என்று நம்பி டம்ளரில் போடாதீர்கள். கனமான பிளாஸ்டிக் பையில் இரண்டு உறை போட்டுக் கட்டி, அடியில் வையுங்கள். உணவில் பட வேண்டாம்.

ஐஸ் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சந்தேகம் வந்தால் சென்னைக் கடற்கரையில் இருக்கிற ஐஸ் ஹவுஸை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விவேகானந்தர் இல்லம் அது. அமெரிக்காவில் குளத்தில் அறுத்த ஐஸைச் சேமிக்க ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர் 1842இல் கட்டியது. அதற்கு முன்னால் 1833 மே மாதம் பாஸ்டனில் இருந்து டஸ்கனி என்ற கப்பலில் 180 டன் ஐஸ் ஏற்றினார்கள். பூமத்திய ரேகையைத் தாண்டி நான்கு மாதம் கழித்து செப்டம்பரில் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோதும் 100 டன் அளவுக்கு மிஞ்சியிருந்தது. ஃப்ரீசர் கிடையாது, தெர்மாகோல் கிடையாது. பெரிய கட்டிகளை நெருக்கி அடுக்கினார்கள், சுற்றிலும் தோல் பதனிட்டு மிஞ்சிய உலர்ந்த மரப்பட்டையை அடைத்தார்கள், வழியில் திறக்கவில்லை. உங்களுக்கு வேண்டியது மூன்று நாள்தான்.

திறக்காமல் இருப்பதற்குத்தான் பானத்தையும் உணவையும் பிரிக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஜூஸுக்காகப் பெட்டியை நாளைக்கு முப்பது தடவை திறப்பார்கள். ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த காற்று வெளியே கொட்டி, சூடான ஈரக்காற்று உள்ளே வரும். இரண்டாவது ஐஸ் பெட்டி வாங்க வேண்டியதில்லை. மீன் கடையிலோ மருந்துக் கடையிலோ கேட்டால் பழைய தெர்மாகோல் பெட்டி கிடைக்கும். அது பானத்துக்கு. வழிப் பயணத்துக்கு அதுவும் வேண்டாம், வீட்டில் இருக்கிற ஸ்டீல் ஃபிளாஸ்க் போதும். வெற்றிடச் சுவர் உள்ள ஃபிளாஸ்க்கைப் போலச் சூட்டைத் தடுக்கிற பாத்திரம் வீட்டில் வேறு இல்லை. காலையில் ஐந்து நிமிஷம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு, அதில் நீர்மோரும் நாலு ஐஸ் துண்டும் போட்டால் மலையேறுகிற வரைக்கும் பல் கூசும். உணவுப் பெட்டியை டேப் ஒட்டியபடியே கூக்காலில் இறக்குங்கள்.

இனி எதைக் கொண்டுபோவது என்று சொல்கிறேன். பால் பாக்கெட்டை அப்படியே ஃப்ரீசரில் போட்டுக் கல்லாக்குங்கள். பாலில் கிட்டத்தட்ட 87 சதவீதம் தண்ணீர், அதனால் நான்கு அரை லிட்டர் பாக்கெட் என்பது ஒன்றே முக்கால் கிலோ ஐஸுக்குச் சமம். கரைந்த பிறகு கொஞ்சம் திரித்திரியாகத் தெரியலாம், டீக்கும் காபிக்கும் ஒன்றும் குறைவில்லை. கரைந்ததும் காய்ச்சிவிடுங்கள். இரண்டாம் மூன்றாம் நாளுக்கு டெட்ரா பேக் பால் எடுத்துக்கொண்டால் பிரிக்கிற வரைக்கும் அதற்கு ஐஸே தேவையில்லை. கோழியை மசாலா தடவி, ஜிப் பையில் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், அடுக்கவும் இடம் மிச்சம். அந்தப் பையை மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டுத்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும், அதுவும் மற்ற உணவு எல்லாவற்றுக்கும் அடியில். பச்சைக் கோழியின் தண்ணீர் ஒரு சொட்டு தயிரிலோ கொத்தமல்லியிலோ இறங்கினாலும் வயிற்றைக் கெடுக்கும். முதல் நாள் ராத்திரி இல்லாவிட்டால் இரண்டாம் நாள் மதியத்துக்குள் கோழியைச் சமைத்து முடியுங்கள். மூன்றாம் நாளுக்கு அசைவம் வேண்டும் என்றால் முட்டையும் கருவாடும் இருக்கவே இருக்கிறது, இரண்டுக்கும் ஐஸ் வேண்டாம்.

தயிரை வீட்டிலேயே தோய்த்துக் குளிர வைத்து எடுத்துப் போங்கள். அங்கே போய் உறை ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் 12 டிகிரி ராத்திரியில் பால் பாலாகவே இருக்கும். எடுத்துப் போக ஹாட்பாக்ஸ் நல்லது. சூட்டைக் காக்கிற பாத்திரம் குளிரையும் காக்கும். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்த ஹாட்பாக்ஸில் தயிர் இருந்தால், அது ஐஸ் பெட்டிக்கு வெளியே இருந்தும் முதல் நாள் தாங்கும்.

தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம். மதுரை வெயிலில் அது மதியத்தைப் பார்க்காது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, தக்காளித் தொக்கு, சப்பாத்தி இவற்றை வைத்து முதல் ஒன்றரை நாள் ஓட்டிவிடலாம். நம் ஆட்கள் கோயில் பயணத்துக்குக் கட்டிப்போன சாப்பாடு அத்தனையும் ஐஸ் இல்லாத காலத்தில் யோசித்துச் செய்தவை. புளி, நல்லெண்ணெய், உப்பு, வறட்சி. பெட்டிக்குள் இடம் பிடிக்கிற பொருள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஐஸ் வைக்கலாம். வெள்ளைச் சோறு மீந்தால் கவனம். அரிசியில் ஒட்டிவருகிற ஒருவகைக் கிருமியின் வித்துகள் சமைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நஞ்சைக் கக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

அடுக்கும்போது இப்படி வையுங்கள்: அடியில் பார் ஐஸ், அதன் மேல் கோழி டப்பா, சுற்றிலும் உறைந்த பால், மேலே தயிரும் நறுக்கிய காயும், அதற்கு மேல் டப்பா ஐஸ், கடைசியாகத் தெர்மாகோல். இடுக்குகளில் துண்டையோ கசக்கிய பேப்பரையோ திணியுங்கள். எல்லாம் சேர்த்து 12, 13 கிலோ ஐஸ் வரும், அது 13, 14 லிட்டர் இடம் பிடிக்கும். உறைந்த பாலையும் கோழியையும் சேர்த்தால் பெட்டியில் கிட்டத்தட்டப் பாதி உறைந்த பொருளாகவே இருக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டிவிட்டால், தேடுவதற்காகத் திறந்து வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கரைந்த தண்ணீரைக் கொட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பானப் பெட்டியில் கொட்டாதீர்கள். ஐஸ் மிதக்கிற தண்ணீர் 0 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பாட்டிலைச் சுற்றி நின்று காற்றைவிட வேகமாகக் குளிர்விக்கும். கொட்டினால் அந்த இடத்தைச் சூடான காற்றுதான் பிடிக்கும். உணவுப் பெட்டியில், தண்ணீர் பொருள்களைத் தொடுகிற அளவுக்கு வந்தால் மட்டும் கொஞ்சம் வடியுங்கள். உப்பு போடலாமா என்றால், குல்ஃபிக்காரர் போடுகிற காரணம் வேறு. உப்பு சேர்ந்தால் கலவை 0 டிகிரிக்கு வெகு கீழே போகும், பானம் பத்து நிமிஷத்தில் சில்லென்று ஆகும், ஆனால் ஐஸ் அதைவிட வேகமாகக் கரைந்துபோகும். மூன்று நாள் பெட்டிக்கு உப்பு வேண்டாம்.

மலையிலே குளிராகத்தானே இருக்கும், பெட்டி எதற்கு என்று யாராவது சொல்வார்கள். 12 டிகிரி நமக்குக் குளிர், கிருமிக்கு இல்லை. பாலும் இறைச்சியும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், சமைத்தது 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தயிருக்குப் பக்கத்தில் வைத்தால் சந்தேகமே வராது. தர்பூசணி, ஜூஸ் பாட்டில் இவற்றை ஓடைத் தண்ணீரில் கட்டித் தொங்க விடலாம், நன்றாகக் குளிரும். பாலையும் கோழியையும் அதில் வைக்கக் கூடாது. ஈரச் சாக்கைப் பெட்டி மேல் போர்த்துகிற வித்தை மதுரை மாதிரி வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். மூடுபனி இறங்குகிற கூக்காலில் ஈரம் உலராது, பலன் குறைவு. ராத்திரி பெட்டியைக் காருக்குள் ஏற்றிப் பூட்டுங்கள். காட்டுப்பன்றிக்கும் அதிகாலைக் குரங்குக்கும் மூடி ஒரு தடையே இல்லை.

காரில் செருகுகிற சின்ன 12 வோல்ட் கூலர் பற்றி: கம்ப்ரெசர் இல்லாத ரகம் வெளிச் சூட்டைவிட 15, 20 டிகிரிதான் குறைக்கும். 40 டிகிரி வெயிலில் உள்ளே 20. அதோடு இஞ்சினை நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டால் காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது. கம்ப்ரெசர் உள்ளது நல்ல பொருள்தான், மூன்று நாளுக்காக அவ்வளவு செலவு தேவையில்லை.

கடைசியாக அம்மாவின் இன்சுலின். இதை ஐஸ் பெட்டியில் போடவே போடாதீர்கள். ஐஸில் பட்டு உறைந்துவிட்டால் அது வீண், கரைந்து பழையபடி தெளிவாகத் தெரிந்தாலும் போடக் கூடாது. திறக்காத பென்னை மாதக்கணக்கில் வைத்திருக்க 2 முதல் 8 டிகிரி வேண்டும். இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கிற பென் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும், அவர் போடுகிற மருந்துக்கு எத்தனை நாள் என்று உறையில் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் மலைக்கு மேலே அதற்கு ஐஸே வேண்டாம், டென்டுக்குள் நிழலில் அவர் கைப்பையில் இருந்தால் போதும். கவனிக்க வேண்டியது மதுரையில் இருந்து மேலே ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும்தான். அகல வாய் ஃபிளாஸ்க் ஒன்றைக் குளிர்ந்த தண்ணீரால் அலசி, நன்றாகத் துடைத்து, பென்னை ஒரு கைக்குட்டையில் சுற்றி உள்ளே வைத்து மூடுங்கள். ஐஸ் போடாதீர்கள். அது டிக்கியிலும் வேண்டாம், வெயில் விழுகிற டாஷ்போர்டிலும் வேண்டாம். அம்மாவின் மடியிலேயே இருக்கட்டும். சாப்பிட இறங்கும்போது காரில் விட்டுவிடாமல் அவரோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். திறக்காத இன்னொரு பென்னையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.